வலது கொலுசு

மூன்றாம் நாள் ராத்திரி, பெரியாஸ்பத்திரி வார்டில்
உன் வலது கால் மட்டும் சைக்கிள் மிதித்தது.
பக்கத்துக் கட்டில்காரி சிரித்தாள்:
"பொறந்ததும் ஏற்காட்டுக்குக் கிளம்பிடுச்சு பாரு."
நானும் சிரித்தேன்.
அந்தச் சிரிப்பை எங்கே வைப்பதென்று
இன்னும் தெரியவில்லை.

உனக்குப் பேர்கூட வைக்கவில்லை.
கைப்பட்டையில் 'கோகிலவாணி பேபி' என்றிருந்தது.
பக்கவாதம் என்றார்கள்.
அது வயசானவங்களுக்குத்தானே டாக்டர்?
ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்தார்.
இடப்பக்கம் ஒரு கறை,
ஈரக்கையால் தொட்ட சுவர் மாதிரி.
"என்ன ஆகும்னு இப்ப சொல்ல முடியாதும்மா.
வளர வளரத்தான் தெரியும்."

வளர வளர.
மற்றவர்களுக்கு அது வாழ்த்து.
எனக்குத் தவணை.

நாலாம் மாதம் வலது கை விரியவில்லை,
கட்டைவிரல் உள்ளே ஒளிந்திருந்தது.
எட்டாம் மாதம் கிலுகிலுப்பையை
இடது கையால் மட்டும் பிடுங்கினாய்.
"இடது கைக்காரி, ராசியான பிள்ளை" என்றார்கள்.
நடந்தது இரண்டேகால் வயதில்,
சிவதாபுரம் வீட்டில், பட்டறைக்கும் அடுப்படிக்கும் நடுவே,
வெள்ளித்தூள் கூட்டிவைத்த முறத்தை உதைத்துக்கொண்டு.
உங்கப்பா தூளைப் பார்க்கவே இல்லை.

ஜெசிந்தா மேடம் உன் நல்ல கையை உறையில் கட்டிவிட்டு
மற்ற கையால் பொரி எடுக்கச் சொன்னார்.
மூன்று வாரம், தினம் இரண்டு மணி நேரம்.
ஒரு பொரி வாய்க்குப் போக
ஒரு படி பொரி தரைக்குப் போனது.
நீ என்னைக் கடித்தாய்.
தழும்பு இருக்கிறது, காட்டட்டுமா?

ஏழு வயதில் ஐந்து ரோட்டில், பஸ்ஸுக்குள், ஒரு வலிப்பு.
அதிலிருந்து காலையும் ராத்திரியும் மாத்திரை.
வாய் ஓயாமல் பேசுகிறாய்.
பேச்சு எதிர்ப்பக்கம் குடிபோயிருக்கும் என்கிறார் டாக்டர்,
கணக்குக்கு இடம் குறைந்திருக்கலாமாம்.
ஏழாம் வாய்ப்பாடு
ஒவ்வொரு திங்கட்கிழமையும் உனக்குப் புதிது.
தட்டுவடை செட் கடைக்காரர்
"காசைச் சோத்துக் கையில குடு பாப்பா" என்கிறார்.
நான் வாய் திறப்பதற்குள்
"இதுதாண்ணே என் சோத்துக் கை" என்கிறாய்,
வலது மணிக்கட்டால் தட்டை நெஞ்சோடு அணைத்தபடி.
சட்டையெல்லாம் சட்னி.

ஊருக்கெல்லாம் கொலுசு செய்கிற வீடு நம்முடையது.
உங்கப்பா பற்றவைக்க, நான் முத்து கோக்க,
எடை போட்டு ஜோடி சேர்த்து அனுப்புவோம்.
கால் கிராம் கூடினாலும் வியாபாரி திருப்பிவிடுவார்.
உன் காலில் போட்டதும்
அதே ஜோடி இரண்டு பேச்சுப் பேசியது.
இடது: ஜல்.
வலது: சர்ர்.

எனக்குக் காது பொறுக்கவில்லை.
ஒன்பதாம் பிறந்தநாளுக்கு முந்தின ராத்திரி
வலது கொலுசில் மட்டும்
உங்கப்பாவுக்கும் தெரியாமல் ஆறு முத்து கூட்டினேன்.
காலையில் நடந்தாய்.
ஜல். ஜல்.
அடுப்படியில் நின்று அழுதேன்,
பழியை வெங்காயத்தின் மேல் போட்டு.

நாலாம் நாள் தடுக்கி விழுந்தாய்.
ஐந்தாம் நாளும்.
ஒற்றைக் கையால் வெகுநேரம் போராடிக்
கழற்றி என் மடியில் எறிந்தாய்.
"என்னம்மா பண்ணிவெச்ச இதுல?
எப்பவும் ஜல்லுன்னே சொல்லுது.
முன்னாடி சர்ருன்னா, கால் தூக்கலைன்னு தெரியும்.
தூக்குவேன்.
இப்ப எப்படித் தெரியும்?"

இத்தனை வருஷம்
அந்தச் சத்தத்தை நான்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்
என்று நினைத்திருந்தேன்.

இடுக்கியை எடுத்தேன்.
எதிரில் சம்மணம் போட்டு, வலது காலைக் கையால் மடக்கிவைத்து,
ஒவ்வொரு முத்தாய் எண்ணினாய் நிதர்சனா.
ஆறு வந்ததும் பெருமூச்சு விட்டாய்:
"நல்லவேளை, ஏழு இல்ல."

மாட்டிவிட்டேன்.
வாசல் வரை போய்த் திரும்பினாய்.
சர்ர்
என்றதும் நின்று,
ஜல்.
என் காது இன்னும் பழகவில்லை.